எதிர்த்து வந்த தண்ணீர்

காக்களூர்த் தொழிற்பேட்டையில் துளசிராமனுக்கு லேத் வேலை கிடைத்ததும், பக்கத்திலேயே பரசுராமனின் பழைய ஓட்டு வீட்டில் அவனும் ரத்னாவும் குடியேறினார்கள். அது எழுபத்து நாலாம் வருஷத்துக் கோடை. வந்த வாரமே குளியலறை ஜலதாரை எதிர்த்துக்கொண்டது. உள்ளே போன தண்ணீர் கறுப்பாகத் திரும்பித் தரையெங்கும் பரவியது. அதோடு நீள நீளமாகத் தலைமுடி.

ரத்னா மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திச் சரிசெய்வாள். சில நாளில் மறுபடியும் பொங்கும்.

துளசிராமன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினான். "இந்த நாத்தத்துல மனுசன் துன்ன முடியுமாடி? இன்னாத்தைக் கொட்டித் தொலைக்கறே?"

வீட்டுக்காரர் பரசுராமன் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "பொம்பளைங்க முடியை உருவிப் போட்டுக்கினே இருந்தா அடைச்சுக்காம இன்னா பண்ணும்?"

ரத்னா முக்காட்டை இழுத்துத் தள்ளினாள். போன வாரம்தான் திருத்தணியில் மொட்டை போட்டிருந்தாள்.

"எங்க இருக்குது முடி? பாத்துட்டுப் பேசுங்க."

அவர் அவள் தலையைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த முடியையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

செய்யாத தப்புக்கு இரண்டு ஆண்களிடம் ஏச்சு வாங்கியதை ரத்னாவால் பொறுக்க முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். சமையல்கட்டுத் தண்ணீரை வாளியில் பிடித்து வெளியே கொட்டினாள். அப்போதும் எதிர்த்தது. துணி துவைப்பதைக் கிணற்றடிக்கு மாற்றினாள். அப்போதும் எதிர்த்தது. ஆனால் மழை கொட்டிய வாரத்தில் ஒரு சொட்டும் திரும்பவில்லை. கடைசியில் நீலம் கரைத்து ஊற்றிவிட்டுப் பின்பக்கம் ஓடிப் பார்த்தாள். நீலத் தண்ணீர் குழாய் வழியே தடையில்லாமல் வந்து, சிமெண்டு மூடி போட்ட கழிவுக் குழிக்குள் இறங்கியது.

அடைப்பே இல்லை.

மறுநாள் மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குளியலறையில் 'களக்' என்றது. தண்ணீர் பொங்கியது. அடுத்த நிமிஷம் வாசற்கதவைத் திறந்துகொண்டு பரசுராமன் வாடகை கேட்டு வந்து நின்றார்.

யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு அவர் வந்தார். மழை வாரத்தில் அவர் இந்தப் பக்கமே வரவில்லை.

பயத்தில் குளியலறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பக்கத்து வீட்டு முத்தம்மாளிடம் பரசுராமனைப் பற்றிக் கேட்டாள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரு சம்சாரம் அஞ்சம்மா இருந்துச்சு. முட்டி வரைக்கும் முடி. அடி வாங்காத நாளே இல்ல. எவன்கூடயோ ஓடிடுச்சுன்னு சொல்லிக்கினு திரியறாரு. அது காணாம போன வாரம்தான் அந்தக் குழிக்குப் புதுசா மூடி போட்டாரு."

ரத்னாவின் பயமெல்லாம் கொதிப்பாக மாறியது. ஜலதாரை மறுபடி அடைத்துக்கொண்டதாக அவருக்குச் சொல்லியனுப்பினாள். பட்டப்பகலில் வந்தார். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது.

"உள்ள போய்ப் பாருங்க."

அவர் காலை வைத்தார்.

களக்.

கறுப்புத் தண்ணீர் பொங்கி, வேறெங்கும் பரவாமல், அவர் கணுக்காலைச் சுற்றி நின்றது. முடி மெல்லக் காலில் ஏறியது.

அவர் காலை இழுத்தார்.

வரவில்லை.

"அஞ்சு... உட்டுடுடி..."

ரத்னா நிலைப்படியில் நின்றபடி கேட்டாள். "எங்கடா போட்டே அவளை?"

அவர் கை பின்பக்கக் குழியைக் காட்டியது.

ரத்னா போட்ட கூச்சலில் கூடிய தெருக்காரர்கள் கடப்பாரையால் மூடியைப் பெயர்த்தார்கள். உள்ளே எலும்பும் ஒரு புடவையும் கிடந்தன. போலீஸ் அவரைக் கூட்டிப்போனபோது பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு யார் இருப்பார்கள்? செவ்வாப்பேட்டையில் ஒற்றை அறை ஒன்றுக்குக் குடிபோனார்கள். அங்கே குளியலறையும் கிடையாது, ஜலதாரையும் கிடையாது.

ஒரு சாயங்காலம், வேலைக்குப் போய்த் திரும்பிய துளசிராமன் சட்டையைக் கழற்றி எறிந்தான்.

"ஊரான் ஊட்டு வம்பை இழுத்துவுட்டு இப்ப இன்னாத்தைக் கண்டே? உன்னாலதான்டி தெனமும் ரயிலைப் புடிச்சுக்கினு நாயா அலையறேன்!"

அவன் கை ஓங்கியது. அதுவரை திட்டியிருக்கிறான், அடித்ததில்லை.

மூலையில், அவள் அப்போதுதான் கொண்டுவந்து வைத்த குடிதண்ணீர்க் குடம்.

களக்.

தெளிந்த தண்ணீர் கறுத்தது. விளிம்பு தாண்டி வழிந்தது. ரத்னாவின் பாதங்களைத் தொடாமல் விலகி ஓடி, துளசிராமனின் கால் விரலைத் தொட்டு நின்றது.

ஓங்கிய கை மெதுவாகக் கீழே இறங்கியது.

ரத்னா அந்தத் தண்ணீரைத் துடைக்கவில்லை.