லுவீனியா வரும்வரை

நானும் என் புருஷன் ஹோசியாவும் சாவியை வாங்கிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டப்பகல். அக்டோபர் மாதம். பருத்தி எடுத்து முடித்த வயல்கள் சாலையின் இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தன. இலை உதிர்வதற்காக விமானத்திலிருந்து தெளித்த மருந்தின் நாற்றம் இன்னும் காற்றை விட்டுப் போகவில்லை. தகரக் கூரை, பலகைச் சுவர், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. முன்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் சதுப்பு ஓடைக்கு மேலே மரக்கால்களில் நின்றது. வாசலுக்கு மேலே ஒரு பலகையில் சிவப்பு எழுத்து: ‘லுவீனியா வரும்வரை’.

எங்கள் மிசிசிப்பி டெல்டாவில் ப்ளூஸ் பாட்டுக் கிளப் நடத்தியவர்கள் யாருக்கும் பெயருக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஆற்றங்கரைச் சாலையில் ‘ஒற்றைச் செருப்பு’ என்று ஒன்று இருந்தது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து பெருக்கும்போதெல்லாம் ஜோடியில்லாத செருப்பு ஒன்று நிச்சயம் கிடைக்குமாம். ‘மாமியார் தூங்கிட்டாங்க’ என்ற கிளப்பில்தான் ஹோசியா என்னை முதலில் பார்த்தான். நான் பாட்டுக் கேட்கப் போகவில்லை. தங்கையைத் தலைமுடியைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவரப் போனேன். பருத்தி ஆலைக்குப் பின்னால் இருந்தது ‘திங்கட்கிழமை நாசமாப் போக’. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வழி கேட்டால் எங்கள் போதகரே சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார். பெயரைச் சொன்னால் போதும், பின்னாலேயே கதை வந்துவிடும்.

லுவீனியாவுக்கு மட்டும் வராது. யார் அவள் என்று கேட்டால் ஆட்கள் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள்.

எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். டெல்டாவிலேயே இருட்டுவதற்கு முன் பூட்டுகிற ஒரே கிளப் அது. மத்தியானம் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் கச்சேரி முடிந்துவிடும். கூட்டம் அங்கிருந்து கிளம்பி வேறு கிளப்புக்குப் போகும். அதை நடத்திய டூலி பெட்டிஸுக்குப் பெண்டாட்டி பயம் என்று கேலி பேசுவார்கள். அந்த டூலிதான் இப்போது மெம்ஃபிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று கொட்டகையை எங்களிடம் கொடுத்தார். சாவியை ஹோசியாவின் உள்ளங்கையில் வைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“பேரை மட்டும் மாத்தாதே.”

ஹோசியா அன்றைக்கே ஏணியைச் சாத்திவிட்டான்.

“பெரியவர் கேட்டது அது ஒண்ணுதானே. விட்டுடேன்” என்றேன்.

“எவளோ அவரை விட்டுட்டுப் போயிருக்கா, வெல்மரீ. அவரோட காதலுக்கு நான் ஏன் போர்டு வைக்கணும்?”

அவன் எழுதிய புதுப்பெயர், ‘ஹோசியா: விடியும்வரை’.

“விடியும்வரையாம்! சாப்பாட்டுத் தட்டைக் கழுவுறதுக்குள்ள உனக்குக் கொட்டாவி வந்துடுமே.”

“நீ பேசும்போது எங்கடி கொட்டாவி விட முடியுது? நடுவுல இடமே கிடைக்கறதில்லையே.”

சிரித்தேன். இருபது வருஷமாக அடுத்தவன் கிளப்பில், அடுத்தவன் பேருக்குக் கீழே கிதார் வாசித்தவன். ஏணியிலிருந்து இறங்கி, பின்னால் நடந்து நடந்து போய்த் தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்தபின் ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

உள்ளே பகலிலும் இருட்டு. விளக்கைப் போட்டுப் பெருக்கினேன். பல வருஷத்துப் புகையும் பியரும் ஊறித் தரைப் பலகைகள் கரேலென்று இருந்தன. ஆனால் மேடையிலிருந்து பின்கதவு வரைக்கும் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பலகை வெளுத்துப் போயிருந்தது, தினமும் யாரோ தண்ணீர் விட்டுக் கழுவியதுபோல. பின்கதவில் மேலும் கீழும் தாழ்ப்பாள்கள் அடித்திருந்தார்கள். ஹோசியா எல்லாவற்றையும் கழற்றிப் போட்டான்.

“கூட்டம் வந்தா புகை போக வழி வேணும்” என்றான்.

சனிக்கிழமை மத்தியானமே கூட்டம் வந்துவிட்டது. பக்கத்துச் சமையலறையில் நான் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தேன். சட்டி ஓயவில்லை. டிரம்ஸில் லெம் உட்கார்ந்திருந்தான். டிராக்டர் ஓட்டுகிறவன், ஹோசியாவுக்குப் பழைய சிநேகிதன், வாயைத் திறந்தால் கிண்டல்தான். அன்றைக்கு மட்டும் அவன் பேசவே இல்லை. நான் அதைக் கவனித்தேன். மீன் கருகிவிடுமே என்ற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

ஹோசியா அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. கால்கள் பலகையைக் குத்தின, சுவர் அதிர்ந்தது. குண்டுப் பெண் ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடினாள்.

பிறகு யாரோ ஒருவர் தொப்பியைத் தேடினார்.

ஜன்னல் இல்லாத இடம். வெளியே வெயில் சாய்வது யாருக்கும் தெரிய வழியில்லை. ஆனாலும் தெரிந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். பாதி பியரை மேசையில் வைத்தார்கள், பிட்டுப் போட்ட மீனைத் தட்டிலேயே விட்டார்கள். ஓடவில்லை, சத்தம் போடவில்லை. ஜெபக்கூட்டத்திலிருந்து நழுவுகிறவர்கள்போல நழுவினார்கள். செருப்பைக் கையில் வைத்திருந்தவள் அதைப் போட்டுக்கொள்ளாமலே போனாள்.

“எங்கே போறீங்க? இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்!” என்று ஹோசியா மைக்கில் கத்தினான்.

லெம் குச்சிகளை டிரம் மேல் மெதுவாக வைத்தான். பாட்டின் நடுவில் எழுந்து நடந்தான்.

நான் வாசலுக்கு வெளியே ஓடி அவன் சட்டையைப் பிடித்தேன். வயலுக்கு அந்தப்பக்கம் சூரியன் பாதி இறங்கியிருந்தது.

“என்ன லெம் இது? சிநேகிதன் மானத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறியா?”

“உள்ளே போய் அவனைக் கூட்டிட்டு வா, தங்கச்சி. நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்.”

“எதுக்கு?”

“அந்தப் பேரு ஆசையில வச்சதுன்னு நினைச்சீங்களா ரெண்டு பேரும்? அது பேரு இல்ல, நேரம். அவ வர்ற வரைக்கும்தான் இங்க கச்சேரி. வந்தப்புறம் கிடையாது.”

வண்டிச் சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே வேகமாகச் சொன்னான். லுவீனியா அங்கே பாடியவள். வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில். வெள்ளம் வந்த வருஷம் ஒருநாள் அவள் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. ‘லுவீனியா வர்ற வரைக்கும் வாசிங்கடா’ என்றார் டூலி. பொழுது சாயும்போது அவள் பின்கதவு வழியாக வந்தாள். பாவாடை முட்டி வரைக்கும் நனைந்திருந்தது. மேடை ஏறிப் பாடினாள்.

“என் அண்ணன் ஏமஸ்தான் கிதார். அவ பாடிக்கிட்டே பின்கதவுப் பக்கம் நடந்தா. அவன் வாசிச்சுக்கிட்டே பின்னாடி போனான். வேடிக்கை காட்டுறாங்கன்னு நாங்க கைதட்டினோம், வெல்மரீ. விசில் அடிச்சோம்.”

“அப்புறம்?”

“முன்கதவு வழியா ஒருத்தன் ஓடி வந்தான். மத்தியானமே அவளை ஆத்துலேர்ந்து எடுத்துக் கரையில போட்டுட்டாங்கன்னு சொன்னான்.”

“உன் அண்ணன்?”

“ஓடையில. அங்க முட்டி அளவுக்குக்கூடத் தண்ணி கிடையாது.”

“பாவி, இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“சொல்லத்தான் வந்தேன். போர்டைக் காட்டினான் பாரு, அந்தச் சிரிப்பு! பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் எழுந்து போனா அவனும் வெளியில வந்துடுவான்னு நினைச்சேன்.” அவன் கதவைப் பார்த்தான். உள்ளே நுழையவில்லை. “அந்தப் பாட்டு என் காதுல பாதியில நிக்குது. மீதியைக் கேட்க எனக்குத் தெம்பு இல்ல.”

நான் உள்ளே திரும்பினேன்.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஹோசியா தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். அவமானத்தில் முகம் வீங்கியிருந்தது.

“கிளம்பு. வீட்டுக்குப் போலாம்.”

“விடியும்வரைன்னு எழுதியிருக்கேன். ஒருத்தரும் இல்லாட்டியும் விடியும்வரை வாசிப்பேன்.”

“ஹோசியா, சொல்றதைக் கேளு…”

பின்கதவு திறந்தது.

காற்று இல்லை. கதவு தானாக, யாரோ தோளால் தள்ளுவதுபோல, மெல்லத் திறந்தது. ஓடையின் வாடை வந்தது. சேறு, அழுகிய இலை, அவற்றோடு பெண்கள் தலைக்குத் தடவும் வாசனை எண்ணெய்.

ஹோசியாவின் விரல்கள் நின்றன. பிறகு வேறு ஒரு பாட்டைத் தொடங்கின.

எனக்குத் தெரியாத பாட்டு. அவனுக்கும் தெரியாத பாட்டு.

வெளுத்த பலகைகளின் மேல் ஈரம் படர்ந்தது. முதலில் கதவருகே ஒரு திட்டு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மேடைக்குப் பக்கத்தில்.

மைக்கிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. மைக்குக்கு முன்னால் யாருமில்லை.

*தண்ணி முட்டி வரைக்கும் வந்தாச்சு, என்னைத் தனியா விடாதே.*
*தண்ணி முட்டி வரைக்கும் வந்தாச்சு, என்னைத் தனியா விடாதே.*
*ஒரு கை வாசிச்சாப் போதும், நான் கரை சேருவேன்.*

பயங்கரமான குரல் இல்லை அது. அதுதான் என்னைக் கலங்கடித்தது. நான் தேவாலயத்தில் சின்ன வயதிலிருந்து பாடுகிறவள். அவ்வளவு அழகான குரலை எங்கள் பாடகர் குழுவில் கேட்டதே இல்லை.

*தண்ணி இடுப்பு வரைக்கும் வந்தாச்சு…*

ஹோசியா மேடையை விட்டு இறங்கினான். கண்கள் திறந்திருந்தன. உதட்டில் சிரிப்பு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடி வைத்துப் பின்கதவை நோக்கி நடந்தான். கிதாரின் ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது.

ஓடிப்போய் ஒலிபெருக்கியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அது செத்தது. கிதாரின் சத்தம் மெலிந்து வெறும் கம்பியின் அதிர்வாக ஆயிற்று.

குரல் மட்டும் குறையவில்லை.

அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். மூட்டைபோல என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தான். அவன் விரல்நுனிகள் கிழிந்து கம்பிகளில் ரத்தம் வழிந்தது. அவன் வாசிப்பதை நிறுத்தவில்லை.

*தண்ணி கழுத்து வரைக்கும் வந்தாச்சு…*

வாசல்படி. அதற்கப்பால் பலகை இல்லை. கீழே ஓடை, கறுப்பாக.

போர்டு மாட்டக் கம்பி வெட்டிய கட்டிங் பிளேயர் கைக்கெட்டும் தூரத்தில் கவுண்டர் மேல் கிடந்தது. எடுத்தேன். அவன் கைக்கு அடியில் கொடுத்துக் கம்பிகளை வெட்டினேன். முதல் கம்பி சீறிவந்து என் கன்னத்தைக் கிழித்தது. கண்ணை மூடிக்கொண்டு மற்றவற்றையும் வெட்டினேன்.

பாட்டு சொல்லின் நடுவில் அறுந்தது.

அமைதி. என் கன்னத்திலிருந்து ரத்தம் பலகையில் சொட்டுகிற சத்தம்.

பிறகு என் காதுக்கு மிக அருகில், சளி பிடித்த குழந்தை கெஞ்சுவதுபோல ஒரு கிசுகிசுப்பு.

“இன்னும் ஒரே ஒரு அடிதான்.”

பாட்டின் அடியைச் சொன்னாளா, காலடியைச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. ஹோசியாவின் சட்டைக் காலரைப் பிடித்து, முன்வாசல் வரைக்கும் தரதரவென்று இழுத்துவந்தேன். லெம் வண்டியின் கதவைத் திறந்து வைத்திருந்தான். அழுதுகொண்டிருந்தான்.

பாதி வழி வந்தபின்தான் ஹோசியா வாயைத் திறந்தான்.

“அருமையாப் பாடினா, இல்ல?”

லெம் வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

மறுவாரம் லெம் தனியாகப் போய் ஹோசியாவின் பெயரை அழித்துப் பழைய பெயரை எழுதிவிட்டு வந்தான். பின்கதவைப் பலகை அடித்து மூடினான். கொட்டகை பூட்டியே கிடக்கிறது. கம்பியில்லாத கிதார் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. புதுக் கம்பி மாட்டணும் என்று ஹோசியா ஒருநாளும் சொல்லவில்லை. அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நன்றாகச் சாப்பிடுகிறான். என்னைக் கிண்டலும் செய்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்தோம். அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது திரைக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்திருந்தது. பொழுது சாய்கிற நேரம்.

ஹோசியா தூங்கிக்கொண்டிருந்தான். அவன் இடதுகை என் முன்கை மேல் கிடந்தது. விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அழுத்தி, எடுத்து, இடம் மாற்றி, மறுபடி அழுத்தி. கனவு காண்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன். தண்ணி கழுத்து வரைக்கும் வந்த அந்த வரியின் வாசிப்பு அது. நான் வெட்டிய இடம் வந்தது.

விரல்கள் நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போயின.

“ஹோசியா” என்றேன். அவன் விழிக்கவில்லை.

அவன் வலதுகால் போர்வையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு வெளியே இறங்கியது.

கூட நின்று பாடுகிறவர்களுக்குத் தெரியும், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு பாடகி எப்படி மூச்சை உள்ளே இழுப்பாள் என்று. அந்தச் சத்தம் எங்கள் அறையில் கேட்டது, கட்டிலின் மறுபக்கத்திலிருந்து.

ஹோசியா அப்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தான். நான் மூச்சே விடவில்லை.