சீமைக்கார் வீட்டு மருமகள்

ஆவணி மாதத்து அந்தப் புதன்கிழமை காலை, எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே சங்கரலிங்கம் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கார் மட்டும் கிளம்பவில்லை. அது தானாகக் கிளம்பிப் பதினோரு வருஷம் ஆகிறது.

"ஏ பொன்னாத்தா! எங்கடி போய்த் தொலைஞ்ச? சங்கக் கட்டிடத் திறப்பு விழாவுக்குத் தலைவரைக் கூட்டிட்டுப் போகணும்! தேனி பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு மனுஷன்! வந்து தள்ளுங்கடி!"

அடுப்படியில் பொன்னாத்தாள் பாலை இறக்கினாள்; மறுபடி ஏற்றினாள். வாசல் வரை போனாள்; திரும்பினாள். மலைக்காற்று பின்கதவை அடித்து அடித்துச் சாத்தியது. அது ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அவளுக்கு ஏதோ முடிந்துவிட்டது போல நெஞ்சு திடுக்கென்றது.

நாத்தனார் சண்முகத்தாய்தான் முதலில் கவனித்தாள். தம்பியின் கார் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதும், கேட்டைத் திறப்பதும் அந்த அம்மாளின் உத்தியோகம்.

"என்னத்தா இது... காரு தள்ளப் பட்டுச்சேலையா கட்டிருக்க?"

பொன்னாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அரக்குப் பட்டு. விடியற்காலை நாலு மணிக்கே கட்டியது. எட்டரை மணிக்கு வீரபாண்டிக் கோயிலில் அவள் தம்பி மலைச்சாமிக்குக் கல்யாணம். தாலியின் கடைசி முடிச்சை மணப்பெண்ணுக்கு நாத்தனார் ஆகிறவள் போட வேண்டும். மாப்பிள்ளைக்கு இருக்கிற ஒரே அக்கா இவள்தான். ஆத்தா போன பிறகு அந்தப் பயலை இடுப்பில் சுமந்து வளர்த்தவளும் இவள்தான். 'அக்கா வராமத் தாலி கட்டமாட்டேன்' என்று அவன் ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்களை நழுவவிட்டிருந்தான். உத்தமபாளையத்துப் பெண்வீட்டார் மூன்றாவது தடவை காத்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் குறுக்கே நின்றது அந்தக் கார்.

அந்த நாளில் கம்பம் ரோட்டில் ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மில்காரர் வீட்டுப் பிளிமவுத் வந்தால் மாட்டுவண்டிகள் தாமாகவே ஒதுங்கும். டாக்டருக்கு ஒரு பியட். தேனி ஸ்டாண்டில் நாலு அம்பாசடர் டாக்ஸி. கல்யாண மாதத்தில் அவற்றுக்கும் மாப்பிள்ளைக்கு உள்ள மரியாதை. போடி ஏலக்காய் வியாபாரிகள் ஜீப்பைக் கழுவுவதே இல்லை; கழுவிவிட்டால் மலையில் எஸ்டேட் இருப்பது ஊருக்கு எப்படித் தெரியும்? ஹாரன் சத்தத்தை வைத்தே இன்னார் வீட்டுக் கார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

இந்த வரிசையில்தான் அறுபத்தொன்றாம் வருஷம் பழனிசெட்டிபட்டிப் பருத்திக் கமிஷன் கடை சங்கரலிங்கம் சேர்ந்தார். கப்பலேறிய எஸ்டேட் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பச்சை நிறச் சீமைக்கார். வாங்கிய மறுநாளே துண்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். அந்தப் பக்கம்தானே ஜன்னல்; ரோட்டில் நிற்பவன் கண்ணில் படும்! தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்ததில் கார் பளபளத்தது. இரண்டே மாதத்தில், சாவி திருப்பினால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் உயிரை விட்டது.

கழற்றிக் கொடுத்தால் மதுரையில் சரிசெய்து தருவார்கள். ஆனால் ஒர்க் ஷாப்பில் கார் நிற்பதை நாலு பேர் பார்ப்பார்களே? காரின் முன்பக்கம் இரும்புக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பலாம். ஆனால் குனிந்து நிமிர்ந்து சுற்றுவது லாரிக்காரன் வேலை. ஒரே ஒரு தடவை ரகசியமாகச் சுற்றப்போய், கைப்பிடி எதிர்த்து அடித்து மணிக்கட்டு விலகியது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னார்.

கடைசியில் வீட்டுக்குள்ளேயே வழி கண்டுபிடித்தார். கேட்டைச் சாத்திக்கொண்டு, வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளுவார்கள்: மனைவி பொன்னாத்தாளும், இளைய தம்பி பெண்டாட்டி ஜக்கம்மாவும். கிணற்றடிக்கு வரும்போது எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எந்த நொடியில் கிளட்சை விட வேண்டும் என்பது பொன்னாத்தாளின் காதுக்குத்தான் தெரியும், அவள் "இப்ப!" என்பாள். சண்முகத்தாய் கேட்டைத் திறப்பாள். இரண்டு ஹாரன். மகாராஜா வெளியே வருவார். அதற்குப் பிறகு எங்கே போனாலும், உருட்டிக் கிளப்பத் தோதாக, சரிவான இடத்தில்தான் காரை நிறுத்துவார். ஏன் என்று கேட்டால், "இங்கன காத்து நல்லா வரும்" என்பார்.

செல்ஃப் போன அன்று, லாரியில் கிளீனராக இருந்த மலைச்சாமி நல்ல மனசோடு கேட்டுவிட்டான். "மச்சான், செல்ஃப் போயிருச்சு போல. கழட்டிக் குடுங்க, மதுரை லோடு போகையில நான் பாத்துட்டு வாரேன்." கேட்டது தவறில்லை, நாலு வியாபாரிகள் முன்னால் கேட்டதுதான் தவறு. அடுத்த மாதமே ஊரில் 'தள்ளுவண்டி மொதலாளி' என்ற பட்டம் நடமாடத் தொடங்கியது. பரப்பியவன் அவன்தான் என்று சங்கரலிங்கம் முடிவுகட்டினார். அன்றோடு மச்சினனுக்கு இந்த வீடு இல்லை. பொன்னாத்தாளுக்குத் தேவதானப்பட்டியில் பிறந்த வீடு இல்லை.

"ஏங்க..." பொன்னாத்தாள் ஜன்னலருகே வந்து நின்றாள். "இன்னைக்கு மட்டும்... போற வழியில்லதான், இருந்தாலும் என்னைய வீரபாண்டியில எறக்கி விட்டுருங்க. ஒங்கள உள்ள வரச் சொல்லல..."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குற? என் மானத்தச் சந்தி சிரிக்க வச்ச பய கல்யாணத்துக்கு என் காருலயே போகணுமா? போய்ப் பின்னால நில்லு! தள்ளு!"

"அவன் சொல்லலைங்க... அவன் அப்படிப்பட்டவன் இல்ல..."

"தள்ளுடிங்கிறேன்!"

ஜக்கம்மா ஏற்கெனவே டிக்கியில் கை வைத்து நின்றிருந்தாள். "அக்கா... வாங்கக்கா... இல்லாட்டி கத்துவாக..." என்றாள் மெதுவாக.

பொன்னாத்தாள் காரின் பின்பக்கம் போனாள். பதினோரு வருஷத்தில் அந்தத் தகட்டில் அவள் உள்ளங்கை பட்ட இடத்தில் பச்சைப் பெயிண்ட் மங்கியிருந்தது. பார்த்தாள். தொடவில்லை. நேரே கேட்டுக்கு நடந்தாள்.

"ஏத்தா... என்ன பண்ணுற நீ? இன்னும் எஞ்சின் ஓடலத்தா! கேட்டத் தொறக்காத!" சண்முகத்தாய் கேட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"எடுங்க மதினி கைய. பதினோரு வருஷம் தள்ளிட்டேன். எம் பிள்ளை வயித்துல இருந்தப்பயும் தள்ளுனேன்... ஒரு சொல் சொன்னேனா? இன்னைக்கு எந் தம்பி தாலியக் கையில வச்சுக்கிட்டு எம் மொகத்தத் தேடுவான். நான் போறேன். நடந்தே போறேன்!"

இரண்டு கதவையும் ஒரே இழுப்பில் விரியத் திறந்தாள். தெருவே உள்ளே பார்த்தது. நடுமுற்றத்தில் எஞ்சின் ஓடாத கார். அதற்குள் துண்டோடு ஒரு முதலாளி. பின்னால் டிக்கியில் கை வைத்தபடி உறைந்துபோன ஜக்கம்மா. பொன்னாத்தாள் வலது பக்கம் திரும்பி வீரபாண்டிச் சாலையில் விறுவிறுவென்று போய்விட்டாள்.

எதிர் டீக்கடையிலிருந்து கடைக்காரர் முத்துவீரன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே மூன்று பேர். காரைத் தள்ள ஆளுக்கொரு மூலையில் சரியாகப் போய் நின்றார்கள்.

"என்ன மொதலாளி, இன்னைக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு?"

சங்கரலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. "லேட்டா? ஒனக்கு... ஒனக்கு யாருய்யா சொன்னது? அந்த மலைச்சாமிப் பயதான?"

"அவரா? அவரு ஒரு வார்த்தை சொன்னதில்லைங்களே. நீங்கதான் தெனமும் சொல்றீக!"

"நானா?"

"'தள்ளுங்கடி, இன்னுங் கொஞ்சம் தள்ளுங்கடி'ன்னு நீங்க போடுற சத்தம் முல்லையாத்துக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்கும்ல. அதக் கேட்டுத்தான் நான் ரெண்டாவது பாய்லருக்குத் தண்ணியே ஊத்துறது." முத்துவீரன் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதீக. முந்தி ஒருநா என் கடையில ஒருத்தன் ஒங்கள அந்தப் பட்டம் சொல்லிப்புட்டான். லாரிய நிப்பாட்டி டீ குடிச்சுக்கிட்டிருந்த மலைச்சாமிதான் அவன் சட்டையப் புடிச்சாரு. 'எங்க மச்சான ஒரு சொல் சொல்லாத'ன்னு. அவன் கிளாஸால அடிச்சுட்டான். புருவத்துல மூணு தையல். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டுப் போனாரு."

சங்கரலிங்கம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அது அவரைக் காப்பாற்றவில்லை. பதினோரு வருஷம் பாடுபட்டுக் கட்டிய ரகசியத்தை அவர் தொண்டையே தினமும் காலையில் மதிலுக்கு மேலே தூக்கிப் போட்டிருக்கிறது!

"தள்ளுங்கய்யா..." என்றார். கேட்கவே முடியாத குரலில்.

ஜக்கம்மா பாய்ந்து பின் ஸீட்டில் ஏறிக்கொண்டாள். கார் கிளம்பியது. கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் தேனி, விழா, தலைவர், மாலை. கார் ஒரு நொடி தயங்கி வலது பக்கம் திரும்பியது.

இரண்டு பர்லாங் தள்ளி அவளைப் பிடித்தார். நிறுத்தத்தான் பயம். எஞ்சின் அணைந்துவிட்டால் தள்ள ஆளில்லை. ஆகவே அவள் நடக்கிற வேகத்துக்குக் கார் பக்கத்திலேயே உருண்டது.

"ஏறு."

அவள் நடந்தாள்.

"ஏறுங்கிறேன்ல... கால்ல செருப்புகூட இல்லாம..."

"பதினோரு வருஷமாச் செருப்பு போட்டுக்கிட்டா தள்ளுனேன்?"

பின்னால் வந்த கம்பம் பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. ஜன்னலெல்லாம் தலைகள். சங்கரலிங்கம் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தலைகளைப் பார்க்கவில்லை.

"புருவத்துல மூணு தையலாம்ல... ஏன்டி சொல்லல?"

"சொல்ல விட்டீகளா? அவன் பேரெடுத்தாலே சோத்துத் தட்டு பறக்கும்!" அவள் நடையை எட்டிப் போட்டாள். "எட்டே கால் ஆயிருச்சு... போங்க... என்னைய விட்டுட்டு ஒங்க தலைவரக் கூட்டப் போங்க..."

அவர் எட்டி இடது கதவைத் திறந்துவிட்டார். கதவு காற்றில் படபடத்தது. "ஏறு பொன்னாத்தா... ஏறுங்க..." என்றார். மரியாதை தானாக வந்து விழுந்தது. பதற்றத்தில் அவரே அதைக் கவனிக்கவில்லை, ஜக்கம்மா கவனித்தாள்.

பொன்னாத்தாள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற காரில் ஏறினாள்.

வீரபாண்டியில் கோயில் முன்னால் மணல் வெளி. மருந்துக்குக்கூடச் சரிவு கிடையாது. இரண்டு வீட்டு உறவும் பந்தல் வாசலில் நின்றது. எஞ்சின் அணைந்துவிடாமல் உறுமவிட்டபடியே சங்கரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "நீ போ... நான் இப்படியே திரும்புறேன்."

அவள் கெஞ்சவில்லை. ஒரு தடவை அவரைப் பார்த்தாள். இறங்கினாள். ஓடினாள்.

மணவறையில் பெண்ணின் தகப்பனார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மலைச்சாமி தாலித் தட்டைப் பார்க்காமல் வாசலையே பார்த்தபடி இருந்தான்.

"அக்கா...! வந்துட்டியாக்கா...!"

"வந்துட்டேன்டா... எஞ் சாமி... கட்டுறா..."

இரண்டு முடிச்சு அவன் போட்டான். மூன்றாவதை இவள் போட்டாள். கை தாலியில் இருந்தாலும் காது வெளியே எஞ்சின் சத்தத்தில் இருந்தது. மேளம் உச்சத்துக்கு ஏறி எல்லாவற்றையும் மூடியது. மேளம் அடங்கியபோது எஞ்சின் சத்தமும் இல்லை. போய்விட்டார். சரி, போகட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

தூணோரம் சங்கரலிங்கம் நின்றுகொண்டிருந்தார். கையில் கார்ச்சாவி. தோளில் இருந்த துண்டு இடுப்பில் இருந்தது.

மணல் வெளியின் நடுவில், எல்லோர் கண்ணெதிரிலும், கார் ஊமையாகக் கிடந்தது.

மற்றவர்களுக்கு அது ஒரு கார் நிற்பது. லாரிக்காரனுக்கு அது என்னவென்று புரிந்தது. மலைச்சாமி மாலையோடு எழுந்து வந்தான்.

"மச்சான்... வண்டிய அணைச்சுட்டீகளா?"

"அணைச்சுட்டேன் மாப்ள."

"சமதளம் மச்சான்... மணலு வேற..."

"தெரியும்ப்பா." சங்கரலிங்கத்தின் கை அவன் புருவத்துத் தழும்பு வரை போய் நின்றது. "நான்தான்... என் வாய்தான்யா... ஒன்னையப் போயி..."

அதற்கு மேல் வரவில்லை. மலைச்சாமி அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டான். கல்யாண மாலை இரண்டு பேருக்கும் நடுவில் கசங்கியது. பொன்னாத்தாள் இரண்டு பேர் முதுகிலும் கை வைத்து வாய்விட்டு அழுதாள். புது மணப்பெண் எதற்கென்று தெரியாமல், முறையாக இருக்கட்டும் என்று தானும் கொஞ்சம் அழுதாள்.

சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் காரைச் சுற்றி ஐம்பது பேர். சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். "நீ ஓட்டு மாப்ள," என்று சாவியைக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். "வேணாம் மச்சான்" என்றவர்களை விலக்கினார்.

பொன்னாத்தாள் முன் ஸீட்டில் உட்கார்ந்தாள். கார் அசைந்தது. மணலில் கால் புதையப் புதைய அவர் மூச்சிரைப்பது கேட்டது. எஞ்சின் பிடிக்கும் வேகம் வந்துவிட்டது அவள் காதுக்குத் தெரிந்தது. 'இப்ப' என்று நாக்கு நுனி வரை வந்தது.

இன்னும் பத்தடி போகட்டும் என்று பேசாமல் இருந்தாள்.

பிறகு மனசு கேட்கவில்லை. "ஏலே, கிளட்ச்ச விடுறா," என்றாள் தம்பியிடம். "அவுகளுக்கு இடுப்புப் புடிச்சுக்கிரும்."