முட்டை தேர்ந்தெடுத்த தூக்கப்பை

தனப்பிரியா டீச்சர் எதையும் நீட்டி முழக்குகிறவர் இல்லை. ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் இரண்டே வரி எழுதிப் போட்டார்.

'கொல்லிமலை நடைப்பயணம், ஓர் இரவு முகாம். தூக்கப்பையோடு (ஸ்லீப்பிங் பேக்) சேர்த்து முதுகுப்பை நான்கு கிலோவைத் தாண்டக் கூடாது.'

"தாண்டிருச்சுன்னா என்னங்க டீச்சர்?" என்று பிரீத்தி கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. மலையடிவாரத்துல வேன் நிக்கும். டிரைவர் அண்ணனோட உக்காந்து கடலை தின்னுக்கிட்டு இருக்கலாம். நாங்க ஏறி இறங்கி வந்துருவோம்."

வகுப்பே சிரித்தது. ஷைமா மட்டும் சிரிக்கவில்லை. கொல்லிமலையை அவள் ராசிபுரத்தில் இருந்தபடியே பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள். தூரத்தில் நீலமாகத் தெரியும். ஒரு தடவைகூட ஏறியதில்லை. இந்த முறையும் விட்டால் அப்புறம் எப்போது?

அவளுக்கு மலையை நினைத்துப் பயமில்லை. அத்தாவை நினைத்துத்தான் பயம்.

அத்தா ஹபீப்புக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மெத்தைக்கடை. ஹபீப் மெத்தை என்றால் ஊருக்கே தெரியும். வாங்க வருகிறவர்கள் முதலில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விடுவார்கள். கை பந்து மாதிரி திரும்பி வர வேண்டும். அதற்காக ஹபீப் இலவம் பஞ்சைக் கட்டையால் இடித்து இடித்துத் திணிப்பார். கனம் இருந்தால்தான் மெத்தை என்பது அவர் கட்சி.

"தூக்கப்பையைக் கடையில வாங்குறதா? மெத்தைக்கடைக்காரன் மக வாங்குன பையில படுக்கறதா? நல்லா இருக்கே கதை!" என்றார் அவர்.

இரண்டே நாளில் தைத்து முடித்தார். விரலில் ஊசி குத்தி, பிளாஸ்திரி வேறு ஒட்டியிருந்தது. தராசில் தூக்கி வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாத்துக்க கண்ணு! மூணரைக் கிலோ! இதுக்குள்ள எந்தக் குளிர் வரும்?"

ஷைமா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மீதி அரைக் கிலோ. தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ வரும். வேனும் கடலையும் கண் முன்னால் வந்து நின்றன.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குத்தா" என்றாள். வேறென்ன சொல்ல? பிளாஸ்திரி ஒட்டிய விரலைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

சாயங்காலம் பிரீத்தி தன் தூக்கப்பையோடு வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அண்ணன் சேலத்தில் வாங்கி வந்தது. பளபளவென்று நீல நிறம். மடித்தால் டிபன் பாக்ஸ் அளவுதான். மேலே பனிமலைப் படம் வேறு.

"தூக்கிப் பாரு புள்ள. ஒரு கிலோகூட இல்ல" என்றாள் பிரீத்தி.

ஷைமா தூக்கிப் பார்த்தாள். பொறாமையாகத்தான் இருந்தது. "லேசா இருக்கு, சரி. ஆனா குளிரைத் தாங்குமா?"

"அதை இங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்க ஊட்ல ஃபேன் போட்டும் வேர்க்குது."

அடுப்படியில் அம்மா ஷாஹிஸ்தா முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு வீட்டில் அரிசி தீர்ந்தாலும் தீரும், முட்டை தீராது. ஷைமாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"நம்மளுக்குத் தெரியாது. ஆனா முட்டைக்குத் தெரியும்!"

கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த ஒரு முட்டையை அத்தாவின் பைக்குள் வைத்தாள். இன்னொன்று நீலப்பைக்குள் போனது. மூன்றாவது முட்டையைத் தம்பி முபஷிர் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினான். அவனுக்கு ஐந்து வயது. தின்னத்தான் கேட்கிறான் என்று நினைத்தார்கள்.

அரைமணி நேரம் கழிந்தது. வேடிக்கை பார்க்க அத்தாவும் வந்துவிட்டார்.

நீலப்பை முட்டை சுத்தமாக ஆறிக் கிடந்தது.

"பனிமலைப் படமெல்லாம் போட்டிருக்கே!" என்றாள் பிரீத்தி பரிதாபமாக.

"படத்துக்கா குளிரப் போகுது?" என்றாள் ஷைமா.

அத்தாவின் பையிலிருந்த முட்டை வெதுவெதுப்பாக இருந்தது. "ஹபீப் மெத்தைன்னா சும்மாவா?" என்று அவர் நிமிர்ந்து நின்றார். ஷைமாவுக்கு மறுபடியும் வேனும் கடலையும் ஞாபகம் வந்தன. கனமான பைதான் ஜெயிக்கும் போலிருக்கிறதே!

அப்போதுதான் முபஷிர் கண்ணில் பட்டான். மூலையில், விற்பனைக்குத் தைத்து வைத்திருந்த தொட்டில் மெத்தையை மடித்து, அதன் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தான். உதட்டில் ஒரு விரல்.

"சத்தம் போடாதீங்க! குஞ்சு வரப்போகுது."

"டேய், அது வெந்த முட்டைடா" என்றாள் ஷைமா.

"அப்ப வெந்த குஞ்சு வருமா?"

சிரித்துக்கொண்டே மெத்தைக்குள் கையை விட்ட ஷைமா, சிரிப்பை நிறுத்தினாள். முட்டை சூடாக இருந்தது. அத்தாவின் பையில் இருந்ததைவிட நல்ல சூடு. தொட்டில் மெத்தையைத் தூக்கினாள். கையில் ஏதோ இருக்கிறது என்பதே தெரியவில்லை.

அவள் வாதாடவில்லை. இரண்டு முட்டைகளையும் அத்தாவின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கத்தா."

அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இவன் இப்பத்தான் அடுப்புல இருந்து எடுத்து வச்சிருப்பான். செல்லாது!"

மறுபடியும் முட்டைகள் வெந்தன. இந்த முறை அத்தாவே முட்டைகளை வைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், யாரையும் கிட்டே விடவில்லை. முடிவு மட்டும் மாறவில்லை.

"தொட்டில் மெத்தைக்குப் பஞ்சை எப்படித்தா போடுவீங்க?" என்று ஷைமா மெதுவாகக் கேட்டாள்.

"திணிக்கமாட்டேன். பச்சப்புள்ளைக்கு உடம்பு நோகுமில்ல? பஞ்சை நல்லா உதறி, பொசுபொசுன்னு அள்ளிப் போடுவேன். அது அப்படியே புள்ளையச் சுத்தி அணைச்சுக்கும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தான் தைத்த பையைத் தொட்டுப் பார்த்தார். பலகை மாதிரி விறைப்பாக இருந்தது. முட்டையைச் சுற்றி அது ஒட்டவே இல்லை. இடுக்கு வழியாகப் பாதிச் சூடு போய்விட்டது.

"எனக்கும் அதே மாதிரி தைச்சுத் தாங்கத்தா. பெரிய புள்ளைக்குப் பெரிய தொட்டில் மெத்தை."

அத்தா தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரி கண்ணு. யாராச்சும் குத்திப் பாத்தா? உள்ள அமுங்கிப் போகுமே. ஹபீப் தைச்சதான்னு கேக்கமாட்டாங்க?"

"மலைமேல யாருத்தா வந்து குத்திப் பாக்கப் போறாங்க?"

ஹபீப் ஒரு கணம் யோசித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆனா ஒண்ணு. லூசா விட்டா பஞ்செல்லாம் கால்மாட்டுக்கு வந்துரும். குறுக்கால கட்டம் கட்டமாத் தைக்கணும்" என்று அளவு நாடாவை எடுத்தார். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் அவருக்கு வருத்தமெல்லாம் மறந்துவிடும்.

"மாமா, எனக்கும் ஒண்ணுங்க!" என்று பிரீத்தியும் சேர்ந்துகொண்டாள்.

புதுப் பை ஒரு கிலோ இருநூறு கிராம் வந்தது. புறப்படும் நாள் டீச்சர் ஒவ்வொரு முதுகுப்பையாகக் கொக்கித் தராசில் மாட்டினார். ஷைமாவின் முறை வந்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மூணு கிலோ தொள்ளாயிரம். போ போ, அடுத்தது."

அவ்வளவுதான். அவள் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே மலை ஏறினாள். மூச்சு வாங்கியபோதும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் டீச்சர். சுள்ளென்று வெயில்.

"அஞ்சு மணிக்கே எல்லாரும் குளிர் தாங்காம எந்திரிச்சு நெருப்பு மூட்டினோம். சூரியன் மலைக்குப் பின்னால இருந்து வந்ததைப் பாத்தோம். உங்க ரெண்டு பேரையும் எவ்வளவு எழுப்பினேன் தெரியுமா?"

பக்கத்துப் பைக்குள் பிரீத்தி இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஷைமாவுக்குக் கொஞ்சம் வருத்தமாகிவிட்டது. சாப்பிட்ட பிறகு டீச்சரின் போனில் அத்தாவைக் கூப்பிட்டாள்.

"குளிருச்சா கண்ணு?"

"தெரியலத்தா. தூங்கிட்டேன்."

"சூரியன் வர்றது அங்க அழகா இருக்குமாமே. பாத்தியா?"

"அதுவும் தெரியலத்தா. தூங்கிட்டேன்."

அந்தப் பக்கம், கடையில் நின்றிருந்த யாரிடமோ அத்தா உரக்கச் சொல்வது கேட்டது.

"கேட்டீங்களா? கொல்லிமலைக் குளிர்ல, சூரியன் வந்ததுகூடத் தெரியாமத் தூங்கியிருக்கா என் மக!"