கண்ணாடியாய் வந்த ஃபிலிம்

1998 நவம்பர் 19, மாலை 5.10. கிழக்குத் தாம்பரம் ஸ்டூடியோ ஒன்றில், கழுவி வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமை விளக்குக்கு நேரே பிடித்த ஏகநாதனுக்குக் கண் இருட்டியது. சுருள் முழுக்க ஒரு படம்கூட இல்லை. கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது.

முந்தாநாள் விடியலில், சிங்கப்பெருமாள் கோவில் ஏரிக்கரையில் நின்று பிடித்த எரிகல் மழை அது. நாளைக்கு அந்தப் படத்தோடு போய் நின்றால்தான் பத்திரிகையில் போட்டோகிராபர் வேலை.

"லைட் பட்டு வெளுத்துப்போச்சு மச்சான், வுடு" என்றான் பொன்னுரங்கம். ஏகநாதனிடமே கேமரா பிடிக்கப் பழகியவன். அதே வேலைக்கு மனுப் போட்டவன். ஏரிக்கரையில் அவன் லென்ஸில் பனி படிந்து ஒன்றும் தேறவில்லை.

6.30. ஏகநாதன் வீடு. மாடியில் குடியிருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் ஞானஜோதி இறங்கி வந்து ஃபிலிமைப் பார்த்தாள்.

"ரோல்ல முதல்ல என்ன எடுத்தீங்க?"

"எங்க வூட்டுக்காரி கனகவல்லியதான்க்கா, வாசல்ல, நல்ல வெயில்ல. நட்சத்திரப் படம் எல்லாம் ஒரே இருட்டா கீறதால, லேப்ல எல்லை தெரியாம குறுக்கால வெட்டிடுவாங்க. முதல் படம் வெளிச்சமா இருந்தா அளவு தெரியும்."

"ஸ்டூடியோவுல ரோலைக் கொடுத்தது?"

"நான்தான்க்கா" என்றான் பொன்னுரங்கம். "நேரா போய் குடுத்தேன். வேற யாரும் தொடல. லைட்தான் பட்டுகீது."

"லைட் பட்டா கழுவும்போது கன்னங்கரேல்னு ஆகும் தம்பி, வெளுக்காது."

பொன்னுரங்கம் பேச்சை மாற்றினான். "அப்போ... லென்ஸ் மூடியக் கழட்டாம எடுத்துட்டான் போல."

"சரி. வெயில்ல எடுத்த கனகவல்லி எங்கே? ஸ்டூடியோவுல கழுவினது ஏகநாதன் ரோலே இல்ல. கேமராவுக்குள்ள போகாத புது ரோல். மாத்தினது யாருன்னு நீயே சொல்லிட்டே, வேற யாரும் தொடலன்னு."

கூடவே இருந்து குழி பறித்தவன் தலை குனிந்தான். அவன் ஸ்கூட்டர் பெட்டியில், கிண்டி லேப் ஒன்றில் கழுவிப் பிரிண்ட் போட்ட படங்கள் இருந்தன. முதல் படத்தில் கனகவல்லி சிரித்தாள். அடுத்ததில் ஏரிக்கு மேலே நீளமாக ஒரு நெருப்புக் கோடு. இன்னொன்றிலும் ஒன்று. இரண்டின் முதுகிலும் பொன்னுரங்கம் பெயர்.

ஏகநாதனுக்குப் படங்களை வாங்கக்கூடக் கை நீளவில்லை.

"ரெண்டு கோடு வுழுந்துச்சுடா. ஒண்ண உன் பேர்ல பத்திரிகைக்கு அனுப்பலாம்னு நேத்தே கனகவல்லிகிட்ட சொல்லிகினு இருந்தேன்."