முகுரே கோட்டையின் அரிசி

ஹட்சுமி படியில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

குடல் கறி சுடும் வாடை. ஜூன் மாத மழையின் ஈரத்தில் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு, படிக்குப் படி அவளோடு ஏறி வந்தது. கைப்பிடிக் கட்டையைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. கீழ்த்தளத்தில் குடல் கறிக் கடை இருந்தது உண்மைதான். ஆனால் அதை மூடி மூன்று மாதம் ஆகிவிட்டது.

மாடியில் ஒரே அறை. அதற்குள் ஒரு கம்பெனி. ஒகயாமாவில் வீடியோ கேம் செய்கிறார்கள் என்றால் யாரும் நம்பாத அளவுக்குச் சின்னக் கம்பெனி. முதலாளி உபுகத்தா, புரோகிராம் எழுதும் நெகிஷி, படம் வரையும் தமாகி அக்கா. ஹட்சுமி நான்காவது ஆள். வயது பத்தொன்பது, சேர்ந்து மூன்று வாரம். விளையாட்டை நாள் முழுக்க ஆடி, எங்கே தப்பு வருகிறது என்று நோட்டில் குறிப்பதுதான் அவள் வேலை.

"வா வா. நாளைக்குக் காலையில கேசட் அடிக்கிற பேக்டரிக்காரன் வந்து வாசல்ல நிப்பான்," என்றார் உபுகத்தா. தலையில் எண்ணெய் வழித்துப் படிய வாரியிருந்தார். "அதுக்குள்ள அந்தக் கோட்டை விழணும். விழாம ஒருத்தரும் வெளிய வரக் கூடாது."

"மறுபடியும் பூட்டப் போறீங்களா முதலாளி?" என்றாள் தமாகி.

"சோத்து உருண்டை வெச்சிருக்கேன். வாளி வெச்சிருக்கேன். ராஜ வாழ்க்கை!"

கதவைச் சாத்தி வெளியே பூட்டைப் போட்டுவிட்டு, இருமியபடி படியில் காவலுக்கு உட்கார்ந்தார். இந்தத் தொழிலில் இதற்கு டப்பாவில் அடைப்பது என்று பெயர். வேலை முடியாதவனை அறையில் வைத்துப் பூட்டுவார்கள். யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. எத்தனை நாள் அடைபட்டோம் என்று பெருமையடிக்கிறவர்கள்கூட உண்டு.

திரையில் வெளிச்சம் அடிக்காதிருக்க ஜன்னல் பலகைகளை இழுத்து மூடியிருந்தார்கள். பகல் இரண்டு மணிக்கே அறை இருட்டு. பாய் விரிப்பின் ஓரங்களில் பச்சையாகப் பூஞ்சை. ஹட்சுமி டி.வி.க்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கேசட்டைச் செருகினாள்.

அது போர் விளையாட்டு. ஆடுகிறவர் முகுரே என்னும் மலைக்கோட்டையை முற்றுகையிட வேண்டும். உள்ளே அரிசி போகாமல் வழியை அடைக்க வேண்டும். மாதா மாதம் அரிசி குறையும். பூஜ்யமானதும் கோட்டை விழ வேண்டும்.

விழவில்லை. அதுதான் தப்பு.

கோட்டைக்குள் நான்கு வீரர்கள். கம்பெனி ஆட்களின் பெயர்களையே வீரர்களுக்கு வைத்திருந்தார்கள். இதுவும் தொழிலில் ஒரு பழக்கம். உபுகத்தா, நெகிஷி, தமாகி. நான்காவது இடத்தில் முன்பு குசாகா என்று இருந்தது. கோட்டைப் பகுதியை எழுதியவன் அவன்தான். ஹட்சுமி சேர்ந்த அன்றே நெகிஷி அந்தப் பெயரை அழித்து அவள் பெயரை அடித்துவிட்டான். "பேரு மட்டும்தான் புதுசு, பலம் புத்தி எல்லாம் அவனோடது, பத்திரமா வெச்சுக்கோ," என்று சிரித்தான். ஹட்சுமிக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அரிசி 12. அரிசி 4.

அரிசி 0.

வாடை திடீரென்று கூடியது. ஹட்சுமி கட்டளைப் பட்டியலைத் திறந்தாள். தாக்கு, காத்திரு, பின்வாங்கு. பத்து எண்ணுவதற்குள் எதையும் தேர்வு செய்யாவிட்டால் மாதம் தானாகக் கழிந்துவிடும். காத்திரு என்பதை அழுத்தினாள்.

வீரர்கள் நாலு மூன்றானது. அரிசி 40 ஆனது.

"ஆளு ஒண்ணு கொறைஞ்சு அரிசி ஏறுது, நெகிஷி அண்ணா."

"உளறாத. அப்படி ஒரு வரியே நான் எழுதல. அவனும் எழுதல. பூரா படிச்சிட்டேன்."

"யார் பேர் போச்சு?" என்று கேட்டாள் தமாகி.

உபுகத்தாவின் பெயர் இருந்த இடம் காலி.

அப்போதுதான் ஹட்சுமிக்கு வாய்க்குள் ஏதோ தட்டுப்பட்டது. நாக்கின் மேல் வழுவழுப்பு. கசப்பு, அதற்குள் ஒரு மலிவான வாசனை. விரலை விட்டு இழுத்தாள். ஒரு முடி. குட்டையான, நரைத்த, எண்ணெய் தடவிய முடி. அதன் பின்னால் இன்னொன்று. தொண்டைக்குள்ளிருந்து கொத்தாக வந்தது.

அவள் வாளியில் குமட்டினாள். ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து ஒரு கவளம் சாப்பிடாதவளுக்கு வயிறு கனத்திருந்தது.

கீழே படியில் முதலாளியின் இருமல் நின்றுபோயிருந்தது.

"என்னடி அது?" தமாகி அவள் முதுகைத் தடவினாள். ஹட்சுமி கையை விரித்துக் காட்டினாள். தமாகியின் முகம் வெளுத்தது.

"குசாகா," என்று முணுமுணுத்தாள்.

"வாய மூடு," என்றான் நெகிஷி.

"மூட மாட்டேன். மே மாச லீவுல அவன இதே ரூம்லதான் டப்பால போட்டாங்க. மூணு நாள் சாப்பாடு வெச்சுட்டு முதலாளி மாமியார் ஊருக்குப் போனவரு பத்து நாள் கழிச்சுத்தான் வந்தாரு, அப்ப அவன் செத்துக் கிடந்தான். இவன்கிட்டயும் ஒரு சாவி இருந்துச்சு. திறந்தானா கேளு!"

"வேலை முடியாம திறந்தா என் சீட்டக் கிழிச்சிருப்பாரு!"

"நான் பிரஷ் எடுக்க வந்தேன். கதவுக்குக் கீழ ஒரு சந்து இருக்குல்ல, அதுல வாயை வெச்சுக்கிட்டு பசிக்குதுங்கறான். எப்பவும் அப்படித்தான் விளையாடுவான். சிரிச்சுக்கிட்டே மூணு காரமெல் மிட்டாய் தள்ளி விட்டேன்." தமாகி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "மிட்டாய எடுத்தப்புறமும் விடல. என் விரல் நுனிய நக்கினான். சீன்னு கைய இழுத்துக்கிட்டு ஓடிட்டேன்."

திரையில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அரிசி 40, 20, 0.

ஹட்சுமி பவர் பொத்தானை அழுத்தினாள்.

திரை அணையவில்லை.

மாதம் கழிந்தது. நெகிஷியின் பெயர் மறைந்தது.

நெகிஷி ஐயோ என்று இடக்கையை உதறினான். சுண்டுவிரலில் நகம் இல்லை. ரத்தமும் இல்லை. நகம் இருந்த இடம் நக்கித் துடைத்த கிண்ணம் போல ஈரமாக மின்னியது. ஹட்சுமியின் கடைவாய்ப் பற்களுக்கிடையே எதுவோ நறுக்கென்று உடைந்தது. நெகிஷியின் சிகரெட் கறையின் காரம். அவள் துப்பப் பார்த்தாள். தொண்டை அதற்குள் விழுங்கிவிட்டது.

அப்போது அவளுக்குப் புரிந்தது. கோட்டைக்குள் நான்காவது இடத்தில் உட்கார்ந்து மற்றவர்களைத் தின்பது யார் என்று. அந்த இடத்துக்கு இப்போது யார் பெயர் என்று.

அரிசி 20.

அடுத்தது தமாகி.

இந்த மூன்று வாரத்தில் ஹட்சுமியோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் தமாகி ஒருத்திதான். பேசத் தெரியாத பெண் என்று மற்றவர்கள் கிண்டலடித்தபோது, "உங்க ரெண்டு பேர் வாயும் சேர்ந்தா போதாதா?" என்று அவர்களை அடக்கியவள்.

அரிசி 0.

ஹட்சுமி கட்டளைப் பட்டியலில் கீழே இறங்கினாள். பின்வாங்கு.

"அத அழுத்தாத!" நெகிஷி கத்தினான். "படை போயிட்டா கோட்டைக் கதவு திறக்கும். குசாகா எழுதினதுலயே அதான் கடைசி வரி. கதவு திறந்தா அவன் வெளிய..."

எட்டு. ஒன்பது.

அழுத்தினாள்.

படைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி நடந்தன. தமாகி வரைந்த கோட்டை வாசல் மெதுவாகத் திறந்தது. உள்ளிருந்து ஒரே ஒரு புள்ளி வந்தது. மேலே பெயர், ஹட்சுமி. அது மலையிறங்கி, வயலைத் தாண்டி, வரைபடத்தின் ஓரத்துக்கு வந்து, நிற்காமல் திரைக்கு வெளியே நடந்தது.

திரை அணைந்தது.

அவர்களுக்குப் பின்னால், கதவின் மறுபுறம், பூட்டு தரையில் விழும் சத்தம் கேட்டது.

நெகிஷிதான் கதவைத் திறந்துகொண்டு முதலில் ஓடினான். நடுப்படியில் உபுகத்தா உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. சாவி அவர் கைக்குள்ளேயே இருந்தது. தலையின் பின்புறம் உள்ளங்கை அளவுக்கு ஒரு வழுக்கை, ஈரமாக, வழவழவென்று. "யாரோ நக்கினாங்க," என்று அழுதார் அந்த ஐம்பது வயது மனிதர். "பின்னால இருந்து நக்கிட்டே இருந்தாங்க."

"நீ வாடி," என்று ஹட்சுமியின் கையைப் பிடித்து இறக்கினாள் தமாகி. "நல்லவேளை. நீ அழுத்தலன்னா என்ன ஆயிருப்பேனோ. இனி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

கீழ்ப்படிக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. தெருவிலிருந்து வெளிச்சம் வந்தது. குடல் கறி வாடை அப்படியேதான் இருந்தது.

ஹட்சுமி மூக்கைப் பொத்தவில்லை.

"மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு பாரு. இந்தா, வாயில போடு." தமாகி பையிலிருந்து ஒரு காரமெல் மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து நீட்டினாள்.

ஹட்சுமி குனிந்து வாயாலேயே வாங்கிக்கொண்டாள்.

மிட்டாய் உள்ளே போனது. நாக்கு உள்ளே போகவில்லை. அது தமாகியின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக, பொறுமையாக, நக்கிக்கொண்டிருந்தது.