'விளக்கு' ஃபோல்டர்

லோஷினி மத்தியானம் போட்டு வைத்த படங்களைக் காணவில்லை.

"அண்ணே, ஒண்ணுமே இல்ல லா!" ஹாலிலிருந்து குரல் கொடுத்தாள். "ஐம்பத்தாறு போட்டோ. கருமாதி ஃபோல்டர்லதான் போட்டேன். டிவில பாத்தா காலியா இருக்கு."

"இரு, பாக்குறேன்," என்றான் ஹேமநாதன்.

கூலாய் ஊரில் அம்மாவின் வீட்டில், சின்ன அறை மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியை எல்லாரும் சர்வர் என்பார்கள். இரண்டு டிஸ்க் போட்ட நெட்வொர்க் டிரைவ்தான். வீட்டிலுள்ள கணினி, டிவி எதிலிருந்தும் அதைத் திறக்கலாம். வாங்கி வைத்தவன் ஹேமநாதன். அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை, எல்லைக்கு இந்தப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் குடித்தனம். அம்மா ராசம்மா மட்டும் இங்கே தனியாக இருந்தார். கூட வந்து இருக்க முடியாத மகன் சாமானாக வாங்கி மாட்டினான். சாமி மேடைக்கு எதிரே ஒரு கேமரா, அது எடுக்கும் வீடியோவைச் சேர்க்க ஒரு சர்வர், சேர்ந்ததைத் தானாகவே பிரித்து அடுக்கச் சில ரூல்கள். அடுக்குவதில் அவனுக்கு ஒரு பைத்தியம். ரூல் எழுதிவிட்டால் அம்மாவைக் கவனித்துக்கொண்ட மாதிரியே ஒரு நிம்மதி வரும் அவனுக்கு.

மறுநாள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம். வருகிறவர்களுக்கு டிவியில் அம்மாவின் படங்களை ஓடவிட வேண்டும் என்பது லோஷினியின் ஆசை. அம்மாவின் தம்பி செல்லப்பன் மாமா, ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அதற்காகத்தான் காத்திருந்தார். வெளியே மழை வலுத்துப் பெய்து, பின்கட்டுத் தகரத்தில் அடித்து, ஈரமண் வாடையும் சாம்பிராணிப் புகையும் கலந்து அறைக்குள் வந்துகொண்டிருந்தன.

அவன் தேடல் பெட்டியில் ஒரு படத்தின் பெயரைத் தட்டினான். கிடைத்தது. ஐம்பத்தாறும் ஒரே இடத்தில் இருந்தன. ஃபோல்டரின் பெயர் 'விளக்கு'.

கை மௌஸின் மேலேயே நின்றுவிட்டது. அந்த ஃபோல்டரைப் பதின்மூன்று நாளைக்கு முன்னால் அவனே அழித்திருந்தான்.

அது அவனுடைய ரூல். அம்மா தினமும் ஆறரைக்கு விளக்கேற்றுவார். மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடும், சுவரில் நிழல் ஆடும். அதை ஆள் நடமாட்டம் என்று நினைத்துக் கேமரா நிமிடத்துக்கு ஒரு வீடியோ எடுத்து, அவன் போனுக்கு நிமிடத்துக்கு ஓர் அலர்ட் அனுப்பும். சிங்கப்பூர் எல்லையில் குடிநுழைவு வரிசையில் நெரிபட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் பை முழுக்க 'டிங் டிங்' என்று உயிரை வாங்கும். ஒருநாள் எரிச்சலில் எழுதினான். ஆறரையிலிருந்து ஏழரை வரை வருகிற வீடியோ எல்லாம் 'விளக்கு' ஃபோல்டருக்குப் போக வேண்டும், அலர்ட் வேண்டாம். எழுதியதை அம்மாவிடம் சொல்லவில்லை. கேமரா மாட்டிய அன்று சொன்னதைத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் ஆச்சுனா கேமராவப் பாத்து கைய ஆட்டுங்கம்மா. நான் எங்க இருந்தாலும் பாத்துருவேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு முப்பத்து நாலுக்கு அம்மா சாமி மேடை முன்னால் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். செல்லப்பன் மாமா வீடு அடுத்த லோரோங் சந்தில்தான், நடந்தால் இரண்டு நிமிடம். ஓர் அலர்ட் வந்திருந்தால் போதும். ஏழரைக்குப் பிறகு அலர்ட் வந்திருக்கும்; ஆனால் அதற்குள் அசைகிற கை அங்கே இல்லை.

மறுநாள் கதவைத் திறந்தவன் அவன்தான். எல்லாரிடமும் ஒரே பேச்சாகச் சொன்னான்: "விழுந்தவுடனே போயிட்டாங்க. கஷ்டமே படல." அன்றே வீடியோக்களில் இரண்டைப் பார்த்தான். மூன்றாவதைத் திறக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்தான், ரூலை அழித்தான், கேமராவைக் கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டினான். தங்கச்சி தாங்க மாட்டாள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். பொய். அவள் தன்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குத்தான் பயந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் முதுகைத் தட்டி, "நீ நல்லாப் பாத்துக்கிட்டப்பா" என்றபோதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கெடச்சுதாண்ணே?"

"ரூல் ஏதோ தப்பு. டிவிய இப்பத் தொடாத."

ரூல் பட்டியலைத் திறந்தான். 'விளக்கு' இருந்தது. டிக் போட்டபடி. டிக்கை எடுத்தான். படங்களைத் திரும்ப 'கருமாதி'க்கு மாற்றினான். ஐம்பத்தாறு. சரி. கண்ணெதிரே எண் குறைந்தது. ஐம்பத்தைந்து. ஐம்பத்து நாலு. சர்வருக்குள் டிஸ்க் கரகரவென்று சுற்றும் சத்தம், நகத்தால் டைலைச் சுரண்டுகிற மாதிரிக் கேட்டது.

ரூலை அழித்தான். மறுபடி வந்தது. எல்லா ரூலையும் நிறுத்தினான். படங்கள் போய்க்கொண்டேதான் இருந்தன. சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் வரிக்கு வரி ஒரே வாசகம்: நகர்த்தப்பட்டது. அலர்ட் அனுப்பவில்லை. நகர்த்தப்பட்டது. அலர்ட் அனுப்பவில்லை.

நேரத்தைப் பார்த்துப் பிரிக்கிற ரூல். அப்படியென்றால் படங்களின் நேரத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். தேதிகளைப் பார்த்தான். பழைய ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்த படம், லோஷினியின் கல்யாணப் படம், போன தைப்பூசத்துப் படம், எல்லாவற்றிலும் அந்தச் செவ்வாய்க்கிழமை. 6.34. 6.35. 6.36. நிமிடத்துக்கு ஒன்று.

முதல் படத்தைத் திறந்தான். லோஷினி பாலர் பள்ளியில் சேர்ந்த நாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம், அவனே எடுத்தது. அம்மா இப்போது பிடித்திருக்கவில்லை. குழந்தை தனியாக நின்றது. அம்மாவின் வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. கேமராவைப் பார்த்து.

அடுத்தது கல்யாணப் படம். மணமேடையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அம்மா சிரிக்கவில்லை. கை மேலே.

அடுத்தது. கை தோளளவுக்கு இறங்கியிருந்தது.

அடுத்தது. முழங்கை மடங்கியிருந்தது.

அவன் மூடிவிட்டான். பக்கத்துச் சுராவ் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு தொடங்கியது. இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து விளக்கைப் போட வேண்டும். எழவில்லை. "அம்மா, மன்னிச்சிருங்கம்மா," என்று உதடு மட்டும் அசைந்தது. சத்தமாகச் சொன்னால் ஹாலுக்குக் கேட்குமே என்று அப்போதும் பயந்தான். அந்தப் பயத்தை நினைத்து இன்னும் வெட்கப்பட்டான்.

'விளக்கு' ஃபோல்டரில் எண் மாறியது. ஐம்பத்தேழு.

படம் இல்லை. வீடியோ. கேமராவின் பெயரோடு. டிராயரை இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது. திறந்தான். கேமரா உள்ளேதான் கிடந்தது, ஒயர்கூட இல்லாமல்.

"அண்ணே, வந்துருச்சு!" லோஷினி உற்சாகமாகக் கத்தினாள். "விளக்குன்னு ஒரு ஃபோல்டர் தெரியுது. இதானா? தொறக்குறேன்."

"தொறக்காத! லோஷினி, வேணாம்!"

"எதுக்கு லா இப்படிக் கத்துற? ஏதோ புது வீடியோ..."

அவன் டிவியை அணைக்க ஓடியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தான். கணினியில் வீடியோ தானாகவே திறந்துகொண்டது. சாம்பல் நிறம். ஒரு சின்ன அறை. மேலே சுவரிலிருந்து பார்க்கிற பார்வை. அந்தச் சுவரில் நாள்காட்டியைத் தவிர எதுவும் கிடையாது. மேசை. கறுப்புப் பெட்டி. நாற்காலியில் முதுகு காட்டி ஒருவன்.

அவனுடைய சட்டை. அவனுடைய பிடரி.

நாற்காலிக்குப் பின்னால், தரையில், ஒரு புடவை. ஒருக்களித்துக் கிடந்த உடம்பு. நரைத்த கொண்டை அவிழ்ந்திருந்தது.

ஹாலில் டிவியிலும் அதே வீடியோ ஓடியது. செல்லப்பன் மாமா, மெதுவாக: "அக்கா..."

கீழே கிடந்த கை எழுந்தது. ஆடியது. கேமராவைப் பார்த்து அல்ல. நாற்காலியைப் பார்த்து.

பின்னால் டைலில் வளையல் உரசியது.

விளக்கெரிந்த நல்லெண்ணெய் வாடை.

"அண்ணே," என்றாள் லோஷினி. அழுகை இல்லை, பயமும் இல்லை. ஒன்றும் விளங்காத குரல். "அம்மா உன்னத்தான் கூப்புடுறாங்க. எவ்வளவு நேரமா கைய ஆட்டுறாங்க. நீ ஏண்ணே பாக்க மாட்டேங்குற?"

ஹேமநாதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அந்தக் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்தவன் திரும்பவே இல்லை.