ஒளித்திருப்பவர் உருட்டக்கூடாது

ஜெனிஸ் இரண்டு கைகளாலும் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தான். அப்படியிருந்தும் அவனுக்கு முன்னால் மேசையில் மறைப்பாக நிறுத்தியிருந்த மட்டைக்குப் பின்னால் தாயக்கட்டை உருண்டு நிற்கும் சத்தம் கேட்டது.

ஆரபிக்கு அந்தச் சத்தமே எரிச்சலூட்டியது. சண்டிலிப்பாயில் செந்தூரன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் மூவரும் ஞாயிறுதோறும் கூடி விளையாடும் கதை விளையாட்டு இது. ஜெனிஸ் கதையை நடத்துவான். மற்ற இருவரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்லித் தாயக்கட்டை உருட்டுவார்கள். கதையில் ஆரபி, காவலுக்குத் தப்பி ஒளித்துத் திரியும் ஒரு கள்ளி. விதிப் புத்தகத்தின்படி ஒளிப்பவள்தான் உருட்ட வேண்டும். ஜெனிஸோ போன மாதம் தன்பாட்டில் ஒரு வீட்டுவிதியைக் கொண்டுவந்தான்: ஒளித்திருப்பவர் உருட்டக்கூடாது, ஒளித்த இடத்தை வாய்விட்டுச் சொல்லாமல் துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், தேடுபவருக்காக அவனே மட்டைக்குப் பின்னால் உருட்டுவான். என்ன விழுந்தது என்று ஒருமுறைகூடக் காட்டவில்லை. கேட்டால், விதி விதிதான் என்றான். அந்தக் கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அவள் வந்துபோனாள்.

வெளியே தோட்டக் காணிகளின் மேல் கார்த்திகை மழை அடித்து ஊற்றியது. மின்சாரம் போய், பிற்பகலிலேயே அறை இருண்டு, ஈரச் சுண்ணாம்பு மணத்தோடு கிணற்றடிச் சேற்றின் மணமும் மெல்ல மெல்ல உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

மறுபடியும் உருண்டது.

யாருக்காக உருட்டுகிறாய் என்று ஆரபி கேட்டாள். கதையில் இப்போது அவளைத் தேட ஆளே இல்லை. காவற்காரனைச் செந்தூரன் அப்போதே கொன்றுவிட்டான். ஜெனிஸின் முகம் வெளிறியிருந்தது.

"நான் உருட்டேல்லை," என்றான். "ஒரு மாதமா நான் உருட்டேல்லை. அது உன்னைத்தான் தேடுது, ஆரபி. அதுக்குக் கண் தெரியாது. எங்கை இருக்கிறாய் எண்டு நீ வாய்விட்டுச் சொன்னால் அதுக்குக் கேக்கும். அதுக்காகத்தான் அந்த விதி."

செந்தூரன் சிரிக்கப் பார்த்தான்; சிரிப்பு வரவில்லை.

ஆரபிக்குக் கோபம் தலைக்கேறியது. ஏமாற்றியதும் போதாமல், சின்னப்பிள்ளை போலப் பயங்காட்டுகிறான். மட்டையைத் தட்டி விழுத்தினாள். பின்னால் தாயக்கட்டை தனியே, யாரும் தொடாமல், மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது.

பயந்தாள். பயந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

"கண் தெரியாததுக்கு நான் ஏன் ஒளிக்க வேணும்? இஞ்சைதான் இருக்கிறன். இந்தக் கதிரையிலை. வரச் சொல்லு," என்று தான் இருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

தாயக்கட்டை நின்றது.

மழைச் சத்தம் எங்கோ தள்ளிப் போனது. சேற்று மணம் இப்போது மேசைக்கடியிலிருந்து வந்தது.

முழங்காலில் ஒரு கை. ஈரம். குளிர்.

செந்தூரனைத் திட்ட வாயெடுத்தாள். அவனுடைய இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன. ஜெனிஸின் கைகளும்.

விரல்கள் தடவித் தடவி ஏறின. வயிறு. கழுத்து. கன்னம். அவளுடைய மூக்கையும் உதட்டையும் அவசரமில்லாமல் தொட்டுப் பார்த்தன. இரண்டாவது கை வந்து அவள் இமைகளின் மேல் படிந்தது.

பிறகு மூன்றாவது கை வந்தது.